சட்டியின் அடிநட்டு

— சீக்கிரம் பாத்துச் சொல்லும் அத்தான். யாருக்க வேலைன்னு எனக்குத் தெரியும். உம்ம வாயால ஒரு வார்த்த வேணும், அவ்வளவுதான்.

— பொறு மாப்பிள. மூணு நாளா அமரவிளைப் பாலத்துல கெடந்த வண்டி. இப்பதான் மாட்டக் கெட்டி இழுத்துக் கொண்டு வந்திருக்கு. எண்ண எங்க ஒழுகிச்சுன்னு பாக்காம என்னத்தச் சொல்ல?

— போன செவ்வாக்கெழம எண்ண மாத்தினது நீரு. இனி ஒரு சொட்டு ஒழுகாது, ஈசாக்கு கை வச்சதாக்கும்னு நெஞ்சத் தட்டிச் சொன்னீரு. வெள்ளிக்கெழம பாலத்துல எஞ்சின் பிடிச்சு நின்னுபோச்சு. எஞ்சினுக்கு அடியில உள்ள எண்ணச் சட்டியில சொட்டு எண்ண இல்ல.

— அன்னைக்கு விடியக்காலத்த எண்ண அளவுக்கம்பி எடுத்துப் பாத்தியா?

— கூட்டத்துக்குப் போற அவசரம். கொடி கெட்டினேன், கம்பி பாக்கல்ல. அதுக்கு நீரு இப்ப எனக்குப் பாடம் எடுக்கப்படாது. பின்சீட்டுல எனக்க தம்பி கெடந்தான் ஓய். பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் தமிழ்நாட்டுல சேரணும்னு கூட்டத்துல கேட்டதுக்கு வயித்துல போலீசு குண்டு. பொன்னுதாசுக்க ரெத்தம் இப்பவும் சீட்டுல உண்டு. பாத்தீரா?

— பாத்தேன்.

— திருவனந்தபுரம் ஆசுபத்திரிக்கு இன்னும் ஒரு மணிக்கூறு ஓடணும். நடுரோட்டுல நின்னு கை காட்டினேன். நாலு லாரி நிக்காமப் போச்சு. அஞ்சாமத்தவன் நிறுத்தினான். வண்டியில கொடியப் பாத்தான். 'மதிராசியில் போகணமெங்கில் திரிச்சு போடா'ன்னுட்டு, மதிராசுக்கே திரும்பிப் போன்னு வெரட்டிட்டுப் போயிட்டான். தம்பி தண்ணி கேட்டான். ஆத்துல இறங்கி தண்ணி கோரிட்டு ஏறி வாறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு.

— தள்ளி நில்லு மாப்பிள. மண்ணெண்ண விட்டு அடியெல்லாம் தொடச்சாச்சு. இனி மரச்சீனிக் கெழங்கு மாவு தூவுகேன். புது எண்ண ஊத்தினா, ஒழுகுத எடத்துல மாவு நனைஞ்சு கறுக்கும். அதுக்கு முன்ன ஒருத்தன் பேரச் சொல்லுகது பாவம்.

— பேர நான் சொல்லுகேன். தாணுமாலயன். வாயில தமிழ் வச்சுக்கிட்டு, நம்ம ஊரு மலையாளத்தோடதான் நிக்கணும்னு தனக்க சாயாக்கடையில ஆளு சேக்குதவன். வியாழக்கெழம சாயங்காலம் எனக்க வண்டி அவனுக்க கடைக்கு முன்னதான் நின்னுது.

— நின்னா அவன் செய்தான்னு ஆகுமா?

— ஆகும். மூணு மணிக்கு நம்ம ஆளுவ மண்ணெண்ண டின்னோட வாறானுவ. அந்தக் கடைய இன்னைக்கு எரிக்காம நான் சோறு தின்னப் போறதில்ல. உள்ள அவன் இருந்தா இருக்கட்டும்.

— உள்ள அவனுக்க பெஞ்சாதியும் பிள்ளையளும் உண்டு.

— எனக்க தம்பிக்கும் பெஞ்சாதி உண்டு.

— அண்ணே.

— சுகிர்தபாயி, நீ எதுக்கு பட்டறைக்கு வந்த? புருசன் இருக்குத எடத்துக்கெல்லாம் பின்னால வரணுமா? வீட்டுக்குப் போ.

— ஆளுவ முக்குல வந்து நிக்கானுவ. நீங்க வரச் சொன்னியன்னு சொல்லுதானுவ. அண்ணே, இவியகிட்ட சொல்லு, வேண்டாம்னு.

— சொல்லிப் பாத்துட்டேன் தங்கச்சி. உனக்க மாப்பிள காதுல ஏறல்ல. தள்ளி நில்லு, எண்ண ஊத்துகேன்.

— அத்தான், இங்க குனிஞ்சு பாரும். மாவு கறுக்குது. சட்டிக்கு நேர் அடியில. இது என்ன நட்டு?

— அடிநட்டு. எண்ண மாத்தும்போ அவிழ்க்குத நட்டு.

— கையால திருப்பினாலே திரும்புது. கல்லு தட்டினா இப்படி இளகுமா?

— இளகாது.

— அப்ப ஸ்பானர் போட்டு எவனோ இளக்கியிருக்கான். வாயத் தொறந்து சொல்லும் ஓய். ஆமாவா இல்லியா?

— பொறு. எங்க போற?

— மூணு மணி வரைக்கும் எதுக்கு நிக்கணும்? இப்பமே போறேன். கைய விடும்.

— தாணுமாலயன் செய்யல்ல மாப்பிள.

— பின்ன எவன் செய்தான்?

— நான்தான். செவ்வாக்கெழம நட்ட விரலால மாட்டிட்டு ஸ்பானர் எடுக்கப் போனேன். வேற வண்டி ஒண்ணு வந்துட்டு. முறுக்க மறந்துபோனேன்.

— பொதங்கெழம வெள்ளறடைக்கு ஓட்டம் போனேன். அன்னைக்கு ஒழுகல்லியே.

— ஓட ஓடத்தான் இளகும். எனக்க குத்தம்தான்.

— முறுக்காத நட்டுக்கா நெஞ்சத் தட்டினீரு? எனக்க தம்பியக் கொன்னது நீரா?

— ஆமா.

— இத பொன்னுதாசுக்க பெஞ்சாதி முகத்தப் பாத்துச் சொல்லுவீரா? முக்குல நிக்குத ஆளுவகிட்டச் சொல்லுவீரா? கடைக்குக் கொண்டுவந்த மண்ணெண்ணய உம்ம பட்டறையில ஊத்துவானுவ.

— ஊத்தட்டும். நட, வாறேன்.

— சுகிர்தபாயி, நல்லா கேட்டுக்க. இனி உனக்கு அண்ணன் இல்ல. செத்தாலும் இந்த மனுசன் வாசல்ல நீ மிதிக்கப்படாது.

— தங்கச்சி, நீ ஒண்ணும் பேசாண்டாம். வீட்டுக்குப் போ.

— இல்லண்ணே, பேசுவேன். அண்ணன் நல்லாத்தான் முறுக்கிச்சு. கெணத்துக் கப்பிக்குன்னு சொல்லி நான்தான் அண்ணன்கிட்ட ஸ்பானர் வாங்கிட்டுப் போனேன். வெள்ளிக்கெழம காலத்த நீங்க உள்ள செபம் பண்ணும்போ, கூட்டத்துக்குப் போய்ச் சேராம வழியில களியக்காவிளையிலயே வண்டி நின்னு நீங்க உயிரோட திரும்பி வரணும்னு, அந்த நட்ட இளக்கினது நானாக்கும்.