வெள்ளிக்கிழமைக் குசினி

பேருந்து ஓமந்தையைக் கடந்தபோது மனத்துள் ஒரு பதிகத்தை ஓதிக்கொண்டிருந்தேன். முன் இருக்கையில் எழுந்த குரல் அதை இடையிலேயே நிறுத்திவிட்டது.

"மச்சாள், நான் ஒரு வழக்கத்தை உண்டாக்கிப்போட்டன்."

சொன்னவர் வட்டக்கச்சிப் பெண்மணி. அருகிலிருந்தவர் அவருடைய தமையனின் மனைவி. ஊர் வழக்கங்களை ஆராய வந்த மானிடவியல் மாணவி ஒருத்தி அப்பெண்மணியின் வீட்டில் தங்கியிருக்கிறாள் என்பது பேச்சிலேயே விளங்கிற்று.

"போன மாசம் ஒரு வெள்ளி, அலுப்பில இவரைத் தேத்தண்ணி போடச் சொன்னன். ஆராய்ச்சிக்கு வந்த பிள்ளை உடனே ஏனெண்டு கேட்டுது. 'வெள்ளியில குசினி அடுப்பு ஆம்பிளையளின்ர பொறுப்பு, இவையின்ர பரம்பரை வழக்கம்' எண்டிட்டன்."

"உங்கட மனிசன் மறுக்கேல்லையே?"

"தன்ர பரம்பரை தனக்கே தெரியாதெண்டு சொல்லுவாரே? 'ஓம், அப்பப்பா காலத்திலயிருந்து' எண்டார். இப்ப வெள்ளியெண்டா சமையலும் அவர்தான். பிள்ளை உங்களிட்டையும் விசாரிக்க வரும். காட்டிக்குடுத்திடாதேங்கோ மச்சாள், என்ர மானம் போயிடும்."

"அது நேற்றே வந்திட்டுது."

"ஐயோ! என்ன சொன்னீங்கள்?"

"நான் வாய் திறக்க முந்தி உங்கட அண்ணர் மீசையைத் தடவிக்கொண்டு வந்திட்டார். 'அவைக்கு வெள்ளி மட்டும்தான். எங்கட பக்கத்தில செவ்வாயும் ஆம்பிளையள்தான்' எண்டார். பிள்ளை இண்டைக்குப் பாக்க வருதாம்."

அன்று செவ்வாய்க்கிழமை. கிளிநொச்சியில் இறங்கிய இருவரும் வீட்டுப் பக்கம் திரும்பாமல், மிகுந்த நிதானத்துடன் எதிரிலிருந்த குளிர்பானக் கடையான கூல்பாருக்குள் நுழைந்தனர்.