இரண்டு டாக்டர்கள் சரிபார்த்த அட்டவணை

எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது, ஐயா. துறைமுகத்தில் கிளியரிங் ஏஜெண்டிடம் ஒன்பது வருஷம் வேலை பார்த்தும் ஒரு தடவைகூடப் படகில் கால் வைத்ததில்லை. என் வேலை காகிதத்தோடுதான். பெட்டிக்குள் என்ன இருக்கிறதென்று நாங்கள் திறந்து பார்ப்பதில்லை. கையெழுத்தும் முத்திரையும் சரியாக இருந்தால் சரக்கு அன்றைக்கே வெளியே போய்விடும். அதில் எனக்கு நல்ல பெயர்.

அதே சுறுசுறுப்போடுதான் முத்தையாபுரத்து மாடியறையில் ஆய்விதழ் தொடங்கினேன். இணையத்தில் யாரும் இலவசமாகப் படிக்கலாம். எழுதியவர் கட்டணம் கட்டுவார். முறையில் தப்பில்லை, நேர்மையான இதழ்களிலும் அப்படி உண்டு. ஆனால் அங்கே விஷயம் தெரிந்த இரண்டு பேர் கட்டுரையை வரிவரியாகப் படித்து, பிழையிருந்தால் திருப்பி அனுப்புவார்கள். மாதக்கணக்கில் ஆகும். பிள்ளைகள் பாவம், பட்டம் வாங்கக் காத்துக் கிடக்கிறார்கள். நடுவிலுள்ள அந்த வேலையை மட்டும் நான் எடுத்துவிட்டேன். மூன்றே நாளில் கட்டுரை வெளிவந்துவிடும். போலி இதழ் என்கிறார்கள். அந்தச் சொல் எனக்குப் பிடிக்கவில்லை.

விஜிலா ஆராய்ச்சி மாணவி. அவள் அண்ணன் ஜெரால்டு சங்கு குளிக்கிறவன். படகிலுள்ள கம்ப்ரஸரிலிருந்து குழாய் வழியாகக் காற்று வாங்கிக்கொண்டு கடலடியில் சங்கு பொறுக்குவான். அதிக நேரம் கிடந்துவிட்டு ஏறினால் கை கால் விழுந்துவிடுமாம். எந்த ஆழத்தில் எத்தனை நிமிஷம் இருக்கலாம் என்று அவள் ஓர் அட்டவணை போட்டிருந்தாள். உள்ளூர் முகவரி என்பதால் நேரிலேயே வந்துவிட்டாள்.

“டாக்டருமாரு யாரும் பாத்தாவளா அண்ணாச்சி? எங்க அண்ணன் இதப் பாத்துத்தான் எறங்குவேன்னு சொல்லுதான்.”

“ரெண்டு பேரு பாத்தாச்சும்மா. ரெண்டு பேரும் வெளிநாட்டு டாக்டருமாரு.”

அந்த இரண்டு டாக்டர்கள் பெயரிலும் அறிக்கை எழுதியது நான்தான். உண்மையாகத் தெரியட்டும் என்று ஒருவர் பெயரில் ஏதோ ஒரு காற்புள்ளியைத் திருத்தச் சொன்னேன். இன்னொருவர் பெயரில், ‘அட்டவணை சரிபார்க்கப்பட்டது’ என்று போட்டேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. எனக்கும் மனசு நிறைந்தது.

ஆழம் கூடக்கூட நிமிஷம் குறைய வேண்டுமாம். எண்பது, ஐம்பது, அடுத்தது முப்பது. அந்த முப்பதுக்குப் பதில் தொண்ணூறு விழுந்திருந்ததாம், தட்டச்சில் வந்த தவறு. படித்தால் சின்னப் பிள்ளைகூடப் பிடித்துவிடும். ஜெரால்டு அந்த ஆழத்தில் வழக்கமாக அரை மணியில் ஏறிவிடுகிறவன். கட்டுரை வெளிவந்ததும், டாக்டர்களே சொல்லிவிட்டார்கள் என்று தொண்ணூறு நிமிஷமும் கிடந்தான். இப்போது அவனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை.

அதற்குப் பிறகுதான் விஜிலா அட்டவணையைத் திரும்பப் பார்த்திருக்கிறாள்.

“தப்பு என்னுதுதான் அண்ணாச்சி. அந்தப் பக்கத்த எடுத்துருங்க. ஒவ்வொரு கரையிலயும் போன்ல அனுப்பிக்கிட்டு இருக்காவ. ஒங்க கால்ல விழுதேன்.”

விழவும் செய்தாள். நான் என்ன செய்ய முடியும்? எடுத்தால், ஏன் எடுத்தாய் என்பார்கள். சரிபார்த்தவர் யார் என்பார்கள். என் இதழை நம்பிப் பட்டம் வாங்கிய மற்ற பிள்ளைகள் கதி என்னாவது? “அடுத்த இதழ்ல திருத்தம் போடுவோம்மா” என்றேன். பதினொரு நாள் வந்தாள். பதினொரு நாளும் காப்பி கொடுத்துத்தான் அனுப்பினேன்.

அவளே கரை கரையாகப் போய் மறித்துப் பார்த்தாளாம். “ரெண்டு டாக்டரு சரின்னு எழுதியிருக்காவளே, அவியளவிட ஒனக்குத் தெரியுமாளா?” என்று கேட்டுவிட்டு இறங்கியிருக்கிறார்கள். பன்னிரண்டாம் நாள், சிலுவை என்று ஒரு சங்கு குளிக்கிறவன், கடலிலிருந்து படகில் ஏறியதும் அவனுக்கு மூச்சு நின்றுவிட்டது. நீங்கள் விசாரிக்கிற சிலுவைதான். அவன் போனில் அந்த அட்டவணை இருந்தது.

பொய்க் கையெழுத்து என்னுடையது. பக்கத்தை எடுக்காமல் வைத்திருந்ததும் நான்தான். இன்றைக்கும் அது இணையத்தில் இருக்கிறது. இதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் சேர்த்துக்கொண்டால் போதும், ஐயா. அந்தக் கட்டுரையில் ஒரு வரிகூட நான் இன்றுவரை படித்ததில்லை. படித்துவிட்டு வெளியிட்டிருந்தால் அல்லவா பாவம்?