தட்டு வகைதான் வேகம்

ஒரு கியர்பாக்ஸை இறக்கி, பிரித்து, மறுபடி ஏற்ற எனக்கு ஆறு மணி நேரம் ஆகும். ஆத்லோனில் மற்ற ஒர்க்‌ஷாப்களில் ஒரு நாள் கேட்பார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. பந்தயச் சங்கத்திலிருந்து விசாரிக்க வந்திருக்கிறீர்கள், கேட்டீர்கள், சொல்கிறேன். டீ ஆறுகிறது, குடியுங்கள்.

இக்ஷானின் காரில், கியர்பாக்ஸுக்குள் எந்த டிஃபரென்ஷியல் என்று முடிவு செய்தது நான்தான். அவன் என் தம்பி. அப்பா சாவதற்கு முன் அப்படித்தான் பிரித்துக் கொடுத்தார். அவனுக்குக் கார், எனக்கு ஸ்பேனர்ப் பெட்டி.

முன்சக்கரங்கள் இழுக்கும் கார் அது. வளைவில் உள்பக்கச் சக்கரம் பாரம் குறைந்து வீணாகச் சுழலும். அதைக் கட்டுப்படுத்தும் டிஃபரென்ஷியலில் இரண்டு வகை. பல்சக்கர வகை சாது. ஸ்டீயரிங்கைத் தொந்தரவு செய்யாது. ஆனால் ஒரு சக்கரம் தரையை விட்டு எழும்பினால் கைவிட்டுவிடும். தட்டு வகை விடாது. எந்தச் சக்கரத்துக்குப் பிடிப்பு இருக்கிறதோ அதற்கு விசையைத் தள்ளும். கார் வேகமாகப் போகும். பதிலுக்கு ஸ்டீயரிங் கையைப் பிடுங்கும்.

எங்களிடம் இருந்தது பல்சக்கர வகை. போன சீசன் முடிந்ததும், அது உடைந்துவிட்டது என்று இக்ஷானிடம் சொன்னேன்.

"தட்டு வகை போடு மைமூனா" என்றார் கக்கீம். எங்களோடு ஓட்டுகிறவர். "பாவம், உன் தம்பி எத்தனை நாள் என் பின் பம்பரையே பாத்துக்கிட்டு வருவான்?"

"உங்க பம்பர் அழகா இருக்குண்ணே. அதான் முந்த மனசு வரல" என்றான் இக்ஷான்.

சிரித்துக்கொண்டே தேர்ந்தெடுத்தோம். யாரைக் கேட்டாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள்.

அவனுடைய வலது மணிக்கட்டு விஷயம் உங்கள் மருத்துவருக்குத் தெரியாது. முன்பு ஒரு விபத்தில் உடைந்து, உள்ளே இரும்புத் தகடு வைத்திருந்தார்கள். பரிசோதனையன்று பல்லைக் கடித்துக்கொண்டு கை குலுக்கிவிட்டு வந்தான். வீட்டில் பாட்டில் மூடியைக்கூட என்னிடம்தான் நீட்டுவான். "யார்கிட்டயும் சொல்லிடாத டீட்டி" என்றான். அக்காவை இங்கே அப்படித்தானே கூப்பிடுகிறோம். நான் சொல்லவில்லை.

ஓட்டாதே என்று கெஞ்சினேன். அவன் மனைவி ருகையா வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்து கெஞ்சினாள். அம்மா பந்தய ஞாயிறுகளில் தெருவுக்கே கூசிஸ்டர் பலகாரம் பொரித்துப் பாகில் போடுவாள், அவன் திரும்பும்வரை ஒன்றைக்கூட வாயில் வைக்கமாட்டாள். அவன் கேட்கவில்லை. வேறென்ன செய்ய முடியும்? காரை மெதுவாக்கினால் இன்னும் முரட்டுத்தனமாக ஓட்டுவான். முடியாது என்றால் காரைக் கக்கீமிடம் கொண்டுபோவான். அதனால் காரே அவனிடம் சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். மனிதர்கள் சொன்னால் கேட்காதவன், கை வலித்தால் கேட்பான் என்று நினைத்தேன்.

தட்டுகளை நெருக்கிவைக்கும் அழுத்தத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். கூட்டக் கூட்ட ஸ்டீயரிங் பலமாகப் பிடுங்கும். விற்றவர் கொடுத்த அளவின் மேல் எல்லையில் வைத்தேன். எல்லைக்குள்தான்.

சனிக்கிழமை பயிற்சி. தட்டுகள் படியட்டும் என்று முதலில் நான் சில சுற்று ஓட்டினேன். ஸ்டீயரிங் இழுத்தது. பிடித்துக்கொண்டேன். என் மணிக்கட்டில் ஒரு குறையும் இல்லை. பிறகு அவன் ஓட்டியதைவிட என் சுற்று ஒரு விநாடி வேகம். அதை யாரிடமும் சொல்லவில்லை, அவசியமும் இல்லை.

நாலு மணிக்கு அவன் இறங்கி வந்தான். வலது கையை அக்குளுக்குள் வைத்திருந்தான்.

"டீட்டி, இது என் கைக்கு ஆகாது. பழைய மாதிரி ஒண்ணு கிடைக்காதா?"

"இப்ப எங்க போய்த் தேடறது? நாளைக்கு ஓட்டாத. அவ்வளவுதானே."

"அம்மா மாவு பிசைஞ்சு வச்சாச்சு. ஓட்டாமப் போய் உக்காந்தா எந்த மூஞ்சியோட கூசிஸ்டர் திங்கிறது?"

நான் காத்திருந்தேன். ஓட்டவில்லை என்று அவன் வாயால் ஒரு வார்த்தை வந்தால் போதும். வரவில்லை.

மறுநாள் பதினொரு மணிக்குப் பந்தயம். ராத்திரி முழுக்க அடித்த தென்கிழக்குக் காற்று பாதையின் ஓரத்தில் மணலைக் கொட்டியிருந்தது. வீடியோவை நீங்களும் பார்த்தீர்கள். நீண்ட வலது வளைவின் முடிவு. இடது கை கியர்மேல். ஸ்டீயரிங்கில் வலது கை மட்டும். இடது சக்கரம் மணலில் ஏறியது. வலது சக்கரம் தார்ச்சாலையைக் கவ்விக்கொண்டது. ஸ்டீயரிங் இடப்பக்கம் வெட்டியது. சுவரும் அந்தப் பக்கம்தான்.

டிஃபரென்ஷியல் சரியான அளவில் இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். சரிதான். ஐந்து மாதமாக நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அந்த அறையில்தான் படுத்திருக்கிறான். கழுத்துக்குக் கீழே அசைவில்லை. மூன்று வேளையும் நான்தான் ஊட்டுகிறேன். அம்மா இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நன்றாகத் தூங்குகிறாள். அவன் என்னை ஒரு சொல் திட்டியதில்லை. நேற்றுகூட, கஞ்சியை விழுங்கிவிட்டு, "நீ என்ன பண்ணுவ டீட்டி, பழசு உடஞ்சு போச்சு" என்றான்.

வேண்டாம், கதவைச் சாத்தாதீர்கள். அவனும் கேட்கட்டும்.

அவனைக் காப்பாற்றத்தான் பார்த்தேன். சனிக்கிழமை இன்னொரு தடவை கேட்டிருந்தால், அன்றிரவே மாற்றிக் கொடுத்திருப்பேன். பழையது உடையவில்லை. துணியில் சுற்றி, என் கார் டிக்கியில் வைத்திருந்தேன்.