பையைப் பிடித்த அக்கா பொய் சொல்லவில்லை

என் பெயரும் முகவரியும் முதல் தாளில் உள்ளன. வயது முப்பத்தொன்று. தொழில் லிஃப்ட் பழுது பார்ப்பது, அதற்கான பட்டயப் படிப்பு முடித்திருக்கிறேன். பதினாறு மாடிக் குடியிருப்பில் ஒன்பதாவது மாடியில் தனியாக இருக்கிறேன். மனைவி இறந்து எட்டு மாதம் ஆகிறது. என்னை யாரும் அழைத்து வரவில்லை. சென்ற வாரம் நான் கொடுத்த வாக்குமூலம் தவறு என்பதால், அதைத் திருத்துவதற்காக நானாக வந்தேன்.

நானும் என் மனைவியும் முதுகில் பை மாட்டிக்கொண்டு பத்து மாதம், ஐந்து நாடு சுற்றத் திட்டமிட்டிருந்தோம். மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். பயணத்துக்காகத் தன் ஸ்கூட்டரை விற்றுவிட்டு இரண்டு வருடம் பேருந்தில் போய்வந்தாள். என் ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வரும் கூலி முழுவதும் பயணக் கணக்குக்கே போனது. செய்ய வேண்டியவை எல்லாவற்றையும் அவள் ஒரு பட்டியலாக எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்தாள். தடுப்பூசி, விசா, காலணி, விற்க வேண்டிய சாமான்கள் என்று நாற்பத்தோரு வரிகள். பதினேழாவது வரி முடிந்திருந்தபோது அவள் வேலை செய்யும் இடத்தில் மயங்கி விழுந்தாள். மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். மறுநாள் இறந்தாள்.

அதன் பிறகு மாமனார் என்னிடம், "மாப்ள, அவ போட்ட பட்டியல் பாதில நிக்குது. நீங்களாவது முடிங்க" என்றார். அதன் பிறகு நான் பதினெட்டாவது வரியிலிருந்து செய்யத் தொடங்கினேன். பயண முகவர் மனைவியின் டிக்கெட்டுக்கு முழுப் பணத்தையும் திருப்பித் தந்து, "அதுதான் சார் ரூல்" என்றார். விமானக் கம்பெனியில் பாதிதான் தருவார்கள் என்பதும் மீதி அவர் கைப்பணம் என்பதும் பிற்பாடுதான் தெரிந்தது. கட்டிலையும் பீரோவையும் விற்றேன். கேஸ் அடுப்பை எங்கள் கட்டடத்தின் படிகளைக் கூட்டும் அக்காவுக்குக் கொடுத்தேன். எனக்கென்று வாங்கிய பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மனைவியின் பையை வைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு பட்டியலில் இருந்தபடி, பதினொரு கிலோ எடையுடன் தினமும் காலை ஆறு மணிக்குப் படியேறிப் பழகினேன். எடைக்காகப் பழைய லிஃப்டிலிருந்து கழற்றிய இரும்புத் துண்டுகளைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தேன். மொட்டைமாடியில் லிஃப்ட் இயந்திர அறை இருப்பதால் அதன் சாவி என்னிடம் உண்டு. என்னுடன் வேலை செய்பவன், "டேய், ஊருக்கெல்லாம் லிஃப்ட் ஓட வெச்சுட்டு நீ படியேறுறியே, வெளிய தெரிஞ்சா நம்ம பொழப்பு என்னடா ஆகும்?" என்று கேலி செய்தான். மனைவி இருந்தபோது இருவரும் சேர்ந்து நான்கு நாள் ஏறியிருக்கிறோம். அப்போது என்னைத் திரும்பிப் பார்த்து, "பாரம் முதுகுல இருந்தா போதும், மூஞ்சில வேணாம்" என்பாள்.

சம்பவத்துக்கு முந்தைய நாள் மாலை பயணக் காப்பீட்டுக்குப் பணம் கட்டினேன். அது நாற்பத்தோராவது வரி. அதைக் கோடிட்டு அடித்தேன். அதன் பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. புறப்பட இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. இரவு முழுக்கத் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலை வழக்கம்போல் பையை மாட்டிக்கொண்டு ஏறினேன். மற்ற நாட்களில் மொட்டைமாடிக் கதவைத் தொட்டுவிட்டுத் திரும்புவேன். அன்று கதவைத் திறந்து வெளியே போனேன். அதன் பிறகு கைப்பிடிச் சுவரில் ஏறி, கால்களை வெளிப்பக்கம் போட்டு உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை.

அதன் பிறகு பின்னாலிருந்து யாரோ பையைப் பிடித்தார்கள். படி கூட்டும் அக்காதான். பையின் மேல் வளையத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அந்த வளையம் பிய்ந்திருந்ததைத் தையல்காரரான என் மாமனார் மூன்று வரிசை தையல் போட்டுக் கொடுத்திருந்தார்.

"தம்பி, இது என்ன வேல?" என்றார்.

"பயிற்சிக்கா" என்றேன்.

"யாருக்குப் பயிற்சி? கட்டில வித்தாச்சு, பீரோவ வித்தாச்சு, அடுப்ப என் தலைல கட்டியாச்சு. பைக்குள்ள என்ன?"

"இரும்பு."

"ஐயையோ, இரும்பா!" என்றவர், அதன் பிறகு கூச்சல் போட்டு ஆள் கூப்பிட்டார். கத்தி முடித்ததும் குரலை இறக்கி, "நீங்க குடுத்த அடுப்புல இடது பக்கம் எரியவே மாட்டேங்குது. ஓசில குடுத்தத வாய் விட்டுக் கேக்கக் கூடாதுன்னுதான் இத்தன நாளா சும்மா இருந்தேன்" என்றார்.

"துளை அடச்சிருக்கும்கா. ஊசிய விட்டுக் குத்தினா சரியாயிடும்."

"எனக்கு ஊசில நூல் கோக்கவே கண்ணு தெரியாது. நீங்க வந்து குத்துங்க. கை வேற வலிக்குது, சீக்கிரம் இறங்குங்க."

பையின் மார்பு க்ளிப்பையும் இடுப்பு க்ளிப்பையும் அழுத்தினால் இரண்டு விநாடியில் பை என்னைவிட்டுக் கழன்று அவர் கையோடு போய்விடும். அது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் அழுத்தவில்லை. சுவரின் உள்பக்கமாக இறங்கினேன்.

அதன் பிறகு பதினாறாம் மாடியில் இருப்பவர் போன் செய்து காவல் வண்டி வந்தது. கீழே நாற்பது பேர் நின்றார்கள். அவர்கள் முன்னால் போலீசார் என்னைக் கேட்டபோது, பயணத்துக்காகப் பயிற்சி செய்தேன், இளைப்பாற உட்கார்ந்தேன், அந்த அம்மா பயந்துவிட்டார் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். அன்று பிற்பகல் அக்கா வீட்டுக்குப் போய் அடுப்பைச் சரிசெய்தேன். இரண்டு பக்கமும் எரிந்தது. அக்கா சாப்பிடச் சொன்னார். சாப்பிட்டேன்.

மூன்று நாள் கழித்துப் படிகளைக் கூட்ட வேறு ஒருவர் வந்தார். விசாரித்ததில், வீணாக வதந்தி கிளப்பிப் போலீசை வரவழைத்ததாகவும் குடியிருப்பவர் மேல் கை வைத்ததாகவும் கூறி குடியிருப்போர் சங்கச் செயலாளர் அக்காவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டது தெரிந்தது. நான் போய் உண்மையைச் சொன்னதற்குச் செயலாளர், "நீங்களே பயிற்சின்னு எழுதிக் குடுத்திருக்கீங்களே, இப்ப மாத்திப் பேசினா எப்படி?" என்றார். அக்காவைப் பார்த்தபோது, "விடுங்க தம்பி, உசுரு இருந்தா வேற படி கெடைக்கும்" என்றார்.

அதனால் இப்போது சொல்கிறேன். அன்று நான் இளைப்பாற உட்காரவில்லை. திரும்பி வரும் எண்ணத்தோடும் உட்காரவில்லை. இதை எழுதிக்கொள்ளும் அதிகாரி பேனாவை வைத்துவிட்டு, "தம்பி, இது பேப்பர்ல ஏறிட்டா நாளைக்கு விசா அது இதுன்னு எங்கயாவது இடிக்கும். யோசிச்சுத்தான் சொல்றீங்களா?" என்று கேட்டார். யோசித்துவிட்டேன் என்றேன். மாமனாரிடமும் சொல்லிவிட்டேன். அவர் இப்போது என் வீட்டில்தான் படுக்கிறார். அவர் கூட்டிப்போன மருத்துவரை இரண்டு முறை பார்த்திருக்கிறேன். பயணத்தை மூன்று மாதம் தள்ளி வைத்திருக்கிறேன். போவேன், திரும்பியும் வருவேன். அக்காவுக்கு அவருடைய வேலையைத் திரும்பக் கொடுப்பதற்காக இந்த வாக்குமூலத்தின் நகலைச் சங்கத்துக்கு அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன். அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன் என்பதையும் எழுதச் சொன்னேன். அது விசாரணைக்குத் தேவையில்லை என்றார் அதிகாரி. பிறகு எழுதினார்.

மேலே உள்ளதை வாசித்துக் காட்டக் கேட்டேன். முதல் தாளில் உள்ள சுருக்கத்தில் "அந்தப் பெண் தவறாக எண்ணிப் பையைப் பிடித்தார்" என்று ஓரிடத்தில் இருந்தது. "தவறாக எண்ணி" என்ற சொற்களை என் வேண்டுகோளின்படி அதிகாரி அடித்தார், பக்கத்தில் நான் சுருக்கொப்பமிட்டேன். இப்போது இதில் உள்ளது முழுவதும் நடந்ததுதான்.

(ஒப்பம்)