இணைகர வீடு

இல்லண்ணே, ஒங்க டேப்பு சரியாத்தான் இருக்கு. வீடுதான் அப்படி. எதுக்கும் இன்னொரு தடவ டைல்ஸ் கல்ல வச்சுப் பாருங்க. பாத்தீங்களா? இந்த மூலையில ஒட்டுது, அந்த மூலையில பல்லக் காட்டுது. போன வருசம் தரைக்கு பிளாஸ்டிக் மேட்டு விரிக்க வந்தவரும் இப்படித்தான் தலையச் சொறிஞ்சுக்கிட்டு நின்னாரு. மொதல்ல டீயக் குடிங்க. கொடைக்கானல்ல டீய ஊத்துன ஒடனே குடிச்சிரணும், பேசிக்கிட்டே இருந்தா பச்சத்தண்ணிதான்.

செவ்வகமா? இந்த ஹாலா? நல்லா ஏமாந்தீங்க போங்க. எதிரெதிர்ச் செவுரு ரெண்டும் ஒரே அளவு, அதுல ஒரு பிசகும் இல்ல. அதுலதான் எல்லாரும் விழுறது. இப்ப மூலைக்கு மூல குறுக்க டேப்பப் பிடிங்க. நான் இந்தப் பக்கம் பிடிக்கிறேன். எவ்வளவு? இருபத்தாறடியா? இனி அந்தக் குறுக்க அளங்க. இருபத்து மூணே முக்கால்! செவ்வகம்னா ரெண்டு மூலைவிட்டமும் ஒண்ணா இருக்கணும்ல? இது இணைகரம்ணே.

நானா? நான் ஒம்பதாவதோட நின்னவ. எம்மக சமீஹா எட்டாவது. அவளுக்கும் பக்கத்து வீட்டுப் புவனாவுக்கும் பள்ளிக்கூடத்துல ஒரு வேல குடுத்தாங்க, வீட்டுல இருக்குற நாற்கரத்த எல்லாம் கண்டுபிடிச்சு வகைபிரிச்சு எழுதிட்டு வாங்கன்னு. ரெண்டும் டேப்ப எடுத்துக்கிட்டு வீட்டையே பொரட்டிப் போட்டுருச்சுக. சன்னல் கண்ணாடி சதுரம். பெருநாளைக்கு நான் வெட்டுற தேங்கா பர்பி சாய்சதுரம். அடுப்படியில செல்ஃபுக்காக ஒரு தடுப்புச் செவுரு நேரா எழுப்புனோமா, அதனால அது சரிவகம். சதுரத்தச் செவ்வகம்னும் சொல்லலாமாம், சாய்சதுரம்னும் சொல்லலாமாம். எங்க வீட்டுக்காரரு முகைதீன் கேட்டுட்டு, அதுக்கு மட்டும் ரெண்டு ரேஷன் கார்டான்னாரு.

கடைசியில என்ன எழுதுனாங்கன்றீங்க? எங்க வீட்டுல ஒரு ரூமுகூட செவ்வகம் இல்லைன்னு! டீச்சரு தப்புப் போட்டு, மறுபடி அளந்துட்டு வான்னு எழுதிவிட்டாங்க. மறுபடி அளந்து, டேப்போட போட்டாப் பிடிச்சு அனுப்புனோம். ஒடனே ஃபோனு. டீச்சரு சிரிச்ச சிரிப்பு அடுப்படி வரைக்கும் கேட்டுச்சு. முழு மார்க்கு.

சிரிங்கண்ணே, நாங்களும் சிரிச்சோம். பதிமூணு வருசமாச் சிரிக்கிறோமே. கட்டில செவுத்தோட ஒட்டிப் போட்டா தலமாட்டுல ஒரு சாண் சந்து கெடக்கும். பஜார்ல பழக்கடை முகைதீன்னு கேட்டாத் தெரியாது, கோணவீட்டு முகைதீன்னு கேளுங்க, கொண்டாந்து விட்டுருவாங்க. வீட்டுக்கு அஸ்திவாரம் போட மொளக்குச்சி அடிச்சு நூலு கட்டுனது அவருதான். எங்கையி கோணக்கையின்னு அவரே சொல்லிக்கிட்டுத் திரிவாரு. எனக்குத்தான் அதக் கேக்கும்போதெல்லாம் நெஞ்சுல முள்ளு தச்ச மாதிரி இருக்கும்.

இந்தக் கணக்கு நோட்டு வந்ததுலேருந்துதான் அவருக்கு வேகம் வந்துருச்சு. டைல்ஸ் போடுறதுக்கு முன்னாடி இந்த மேக்குச் செவுத்த இடிச்சு, பின்மூலைய மூணடி மேக்க தள்ளி நேராக் கட்டணுமாம். மத்தியானம் சோத்துக்கு வருவாரு, வந்ததும் ஒங்ககிட்டத்தான் கேப்பாரு. இடிக்க வேணாம், கல்ல வெட்டிப் போட்டுக்கலாம்னு ஒரு வார்த்த சொல்லிருங்கண்ணே. பொய்யில்லையே? ஒரு செவுத்த மட்டும் நேராக்குனா என்னாகும்? இந்தப் பக்கம் நேரு, அந்தப் பக்கம் சரிவு. சரிவகம்தான் வரும். செவ்வகம் எங்கிருந்து வரும்?

ஏன் இவ்வளவு மல்லுக்கு நிக்கிறேன்னா கேக்குறீங்க? அந்தச் சன்னலத் தொறந்து பாருங்க. எதுக்க தெரியுதுல்ல, அதான் கந்தம்மா அக்கா வீட்டுச் சன்னலு. அவங்களுக்கு வெள்ளனே வெயிலு விழுறது அது ஒண்ணுலதான். நாங்க வீடு கட்டுறப்ப அக்காவுக்குப் புவனா பொறந்து பத்து நாளு. எட்டு மாசத்துலயே பொறந்த புள்ள, மஞ்சக்காமால வேற. டாக்டரு பாத்துட்டு மருந்து குடுத்தாரு, காலம்பற எள வெயிலும் காட்டுங்கன்னாரு. இந்தக் குளிருல வெளிய தூக்கிட்டுப் போக முடியுமா? அந்தச் சன்னலோரமா மடியில போட்டுக்கிட்டு ஒக்காந்திருக்கும் அக்கா. நான் ஆயக்குடியிலேருந்து கல்யாணமாகி வந்த புதுசு, இந்த ஊருல என்ன ஏன்னு கேட்ட மொத ஆளு அதுதான். எங்க செவுரு நேரா எழும்புனா அம்புட்டு வெயிலும் போச்சு.

இவருகிட்ட அப்பவே சொல்லியிருக்கலாம்தான். ஆனா அப்ப இவருக்கும் சுவாமிநாதன் அண்ணனுக்கும், அதான் அக்கா வீட்டுக்காரருக்கும், வேலித் தகராறு. மூஞ்சி குடுத்துப் பேச மாட்டாங்க. நான் எடுத்துச் சொல்லி, இவரு கோவத்துல இன்னும் அரையடி அந்தப்பக்கம் தள்ளிட்டாருன்னா? இன்னிக்கு ரெண்டு பேரும் ஒரே பெஞ்சுல ஒக்காந்து பேப்பரு படிக்கிறாங்க, அது வேற கத.

அதனால என்ன செஞ்சேன், இவரு விடியக்கால பஜ்ரு தொழுகப் பள்ளிவாசலுக்குப் போன நேரத்துல வெரசா வந்து, பின்னாடி இருந்த மொளக்குச்சி ரெண்டையும் பிடுங்கி மூணடி கெழக்க தள்ளி அடிச்சுட்டேன். வயித்துல சமீஹா ஏழு மாசம். குனியவே முடியல, முட்டி போட்டுத்தான் அடிச்சேன். கொத்தனாரு வந்து நாலு பக்கத்தையும் அளந்தாரு. எதிரெதிர் சரியா இருந்துச்சு, அஸ்திவாரத்துக்கு வானத்த வெட்டுன்னுட்டாரு. குறுக்க யாரும் பிடிக்கல.

இல்லண்ணே, இன்னி வரைக்கும் அவருகிட்டச் சொன்னதில்ல. ஒங்ககிட்டத்தான் மொத மொதல்ல வாயில வந்துருச்சு.

அந்தா, அவரு வண்டிச் சத்தம்தான். நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்ணே, விடுங்க. ஒங்களுக்கு எதுக்குச் சங்கடம். ஒங்க கையி கோணக்கையி இல்லைங்கன்னு நானே போயிச் சொல்லிக்கிறேன்.