நம்பர் காட்டிய தாகம்

– அப்ப தண்ணி ஏத்தினதுதான் தப்புங்கறீங்களா, டாக்டரம்மா?

– ஆமாம்மா. ஏத்தினது நான்தான். மயக்கம் கொடுத்ததும் நான்தான், முழுக்க உங்க வீட்டுக்காரர் தலைமாட்டுல நின்னதும் நான்தான்.

– குடல் கட்டியை அறுத்து எடுக்கறப்ப ரத்தம் போகும், தண்ணி ஏத்துவாங்கன்னு முன்னாடியே சொன்னாங்களே. அதுல என்ன தப்பு?

– ஏத்தறது தப்பில்லை. ஏத்தினா இவர் இதயம் அதை வாங்கிக்குமான்னு முதல்ல கணிக்கணும். மெஷின் ஒவ்வொரு மூச்சு கொடுக்கும்போதும் நாடி எவ்வளவு ஏறி இறங்குதுன்னு மானிட்டர்ல ஒரு நம்பர் வரும். அது பெரிசா இருந்தா உடம்பு தண்ணி கேக்குதுன்னு அர்த்தம்.

– பெரிசா இருந்துச்சா?

– இருந்தது. பிரஷரும் இறங்கிட்டே இருந்தது. ஒரு பாட்டில் போட்டேன். நம்பர் குறையலை. இன்னொண்ணு போட்டேன். அப்படியே அஞ்சு.

– அஞ்சா? மனுஷன் நேத்துலேர்ந்து ஒரு வாய் தண்ணி குடிக்கலையேன்னு நான் வெளிய அழுதுட்டு உக்காந்திருந்தேனே.

– துடிப்பு சீரா இருந்தாத்தான் அந்த நம்பரை நம்பலாம். இவருக்குத் துடிப்பு தாறுமாறா ஓடியிருக்கு. நம்பர் ஏறினது அதனால, தண்ணி பத்தாம இல்லை. அறுக்கற கரண்ட் கத்தி ஓடறப்ப ஈசிஜி கோடு கலைஞ்சு போயிடும், அதுல எனக்குத் தெரியலை. கையைப் பிடிச்சு நாடி பாத்திருந்தா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும். பாக்கலை.

– இப்ப எப்படி இருக்காரு?

– நுரையீரல் முழுக்கத் தண்ணிம்மா. மெஷின் தள்ளற காத்துகூட உள்ள போக மாட்டேங்குது. சாயங்காலம் வரைக்கும் தாங்கறது கஷ்டம்.

– காலையில வண்டியில தள்ளிட்டுப் போறப்பகூட, பயப்படாதேன்னு எனக்குக் கையாட்டினாரு.

– என்னைத் திட்டுங்கம்மா. பதினாறு வருஷமா செய்யற வேலை. உங்க மூஞ்சியைப் பாக்கவே எனக்கு யோக்கியதை இல்லை.

– அந்தத் துடிப்பு... அங்கதான் புதுசா வந்துச்சா?

– அப்படித்தான் நினைக்கிறேன். முன்னாடி இல்லைன்னுதானே ஃபாரத்துல எழுதியிருக்கீங்க. இங்க எடுத்த ஈசிஜியும் நல்லாத்தான் இருந்தது.

– அது வரும், போகும். ரெண்டு வருஷமா இருக்கு. மாத்திரை என் பையிலதான் கிடக்கு, பாருங்க.

– என்னம்மா சொல்றீங்க?

– ரெண்டு தடவை ஆபரேஷனைத் தள்ளிப் போட்டாச்சு. இதையும் சொன்னா இன்னொரு டாக்டர்கிட்ட அலைய விடுவாங்க, கட்டி அதுவரைக்கும் கையைக் கட்டிட்டு இருக்குமா, நீ வாயைத் திறக்காதேன்னாரு. என் பொண்ணுதான் ஃபாரத்தை வரி வரியா வாசிச்சா. படபடப்பு உண்டாம்மான்னு கேட்டா. இல்லைடின்னேன்.

– தெரிஞ்சிருந்தா நான் அந்த நம்பர் பக்கமே போயிருக்க மாட்டேன்.

– அதான் புரியுதே. அவர் தலையில கல்லைத் தூக்கிப் போட்டவ நான்.

– இல்லம்மா. தொட்டுப் பாக்காதது நான்தானே.

– பொண்ணு கீழ மருந்து வாங்கப் போயிருக்கா, இப்ப வந்துடுவா. எனக்கு இனி அவ ஒருத்திதான். எங்கிட்ட முதல்ல சொன்னதை அவகிட்டயும் அப்படியே சொல்லுங்க, டாக்டரம்மா. தப்பு உங்களோடதாவே இருக்கட்டும்.