இரண்டாம் மணி

மணியை அடித்தவன் நான். கோயில்குட்டி அடிக்கவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஓடுகிறார்கள். கோயில் வளாகத்து மணலில் செருப்புகள் கிடக்கின்றன. முதல் குண்டு பனைகளுக்கு அப்பால் விழுந்தது. ஈரமூட்டையைக் கீழே போட்டதுபோல ஒரு சத்தம். இரண்டாவது சீட்டியடித்துக்கொண்டு வந்தது. நான் கத்துகிறேன். "குப்புறப் படுங்க! ஓடாதீங்க, படுங்க!" மூன்றாவது கிணற்றடியில் விழுந்தது. அதற்குச் சீட்டிச் சத்தம் இல்லை. ஒன்றுமே கேட்கவில்லை. அதன் பிறகு வெகுநேரம் எதுவுமே கேட்கவில்லை.

என் தலைக்கு மேலே மணி ஆடிக்கொண்டிருந்தது. வராதவர்களுக்காக அதுவரை அடித்துக்கொண்டிருந்தேன்.

ஐப்பசி மாதம். புதன்கிழமை. மழை விட்டிருந்தது. யாழ்ப்பாணப் பக்கம் ஒரு சிற்றூர். பெயரை எழுதவில்லை. எழுதினால் அங்கே மிச்சமிருப்பவர்களைத் தேடி யாராவது போய்க் கேள்வி கேட்பார்கள்.

எனக்கு இருபத்து நான்கு வயது. இந்தியாவிலிருந்து போன எங்கள் அமைதிப்படைப் பிரிவில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன். வீடுகளைச் சோதனை போட வேண்டும், ஊரார் வெளியே வந்து ஓரிடத்தில் நிற்க வேண்டும் என்றார் அதிகாரி. ஊரார் பதுங்குகுழிகளில் இருந்தார்கள். ஒலிபெருக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு தெருத் தெருவாகக் கூப்பிட்டேன். ஒருவரும் வரவில்லை. சீருடை போட்டவன் தமிழில் கூப்பிட்டால் வந்துவிடுவார்களா?

அப்போதுதான் அதைச் சொன்னேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன். கோயில் மணியை அடித்தால் வருவார்கள், ஐயா. அதிகாரி என் தோளில் தட்டினார். அந்தத் தட்டல் எனக்குப் பிடித்திருந்தது.

என் அப்பா பாளையங்கோட்டைக்குக் கிழக்கே ஒரு கிறிஸ்தவ சபையில் கோயில்குட்டி. கோயிலைத் திறப்பது, பெருக்குவது, மணி அடிப்பது அவர் வேலை. முதல் மணிக்கு ஊர் குளித்து உடுத்தும். இரண்டாம் மணிக்குப் புறப்படும். ஒவ்வொரு கோயில்குட்டிக்கும் ஒரு கை உண்டு. இன்றைக்கு அடிப்பது அப்பாவா, அப்பாவுக்குக் காய்ச்சலென்று வேறு யாராவதா என்று வீட்டுக்குள் இருந்தே ஊரார் சொல்லிவிடுவார்கள். எனக்கு அது தெரியும். அதனால்தான் அந்தப் பாவத்தை என்னால் அவ்வளவு சுத்தமாகச் செய்ய முடிந்தது.

அந்த ஊர்க் கோயிலில் ஒரு பெரியவர் சாவியோடு தனியாக உட்கார்ந்திருந்தார். செல்லத்துரை. அங்கே அந்த வேலைக்கு வேறு பெயர். நான் என் ஊர்ப் பெயரிலேயே எழுதுகிறேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி வேதக்காரரோ?"

"ஆமா ஐயா, கிறிஸ்தவன்தான். எங்க அப்பாவும் கோயில்குட்டிதான்."

சிரித்தார். சாவியைக் கொடுத்தார். மருந்தும் பிஸ்கட்டும் கொடுக்கத்தான் கூப்பிடுகிறோம் என்றேன். பொய். அப்படி யாரும் என்னிடம் சொல்லவில்லை. நீங்கள் எப்படி அடிப்பீர்கள் என்று கேட்டேன். மேசையில் விரலால் தட்டிக் காட்டினார். மூன்று. ஒரு மூச்சு இடைவெளி. ஒன்று. அந்த ஒன்று கொஞ்சம் பிந்தி வர வேண்டும் என்றார். நீங்கள் உள்ளே இருங்கள், நானே அடிக்கிறேன் என்று சொல்லிவிட்டு, வெளியே இருப்பவர்களுக்கு ஆள் தெரியாத மணிக்கூண்டுக்குள் போனேன்.

மூன்று. ஒரு மூச்சு. ஒன்று, கொஞ்சம் பிந்தி.

வந்தார்கள். முதலில் கிழவிகள். பிறகு பிள்ளைகளோடு பெண்கள். முக்காடு போட்டுக்கொண்டு வந்தாள் ஒருத்தி, ஆராதனைக்கு வருவதுபோலவே. பிறகு குண்டு.

யாருடைய குண்டு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதைச் சொல்லி நான் தப்பவும் முடியாது. அவர்களைத் திறந்தவெளியில் நிறுத்தியது நான்.

திரும்பி வந்தேன். பட்டாளத்தை விட்டேன். இறையியல் கல்லூரிக்கு மனுப் போட்டேன். ஊழியத்துக்கு அழைப்பு எங்கே கிடைத்தது என்று நேர்காணலில் கேட்டார்கள். போரில் என்றேன். நெகிழ்ந்துபோனார்கள். விவரம் யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

குருப்பட்டம் பெற்று, எங்கள் ஊர் வழக்கில் ஐயராகி, சில சபைகள் மாறியபின் மலையடிவாரத்தில், விக்கிரமசிங்கபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு சேகரத்தின் பொறுப்பைக் கொடுத்தார்கள். சின்ன ஊர். மில்லுக்குப் போகிறவர்கள், வாத்தியார்கள், வயல்காரர்கள். அங்கே நான் செய்த முதல் காரியம் மணியை நிறுத்தியது. மில் சங்கு ஊதுகிற ஊருக்கு மணி எதற்கு என்றேன். குழாய் ஒலிபெருக்கியில் பாட்டுப் போடச் சொன்னேன். கமிட்டியில் முணுமுணுத்தார்கள். பலசரக்குக் கடை அண்ணாச்சி மட்டும் நேராகவே கேட்டார்.

"என்ன வே ஐயரே, மணி கெட்டுப் போச்சா, இல்ல நீரு கெட்டுப் போனீரா?"

கடையில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பக்கத்தில் ஒரு அகதி முகாம். கிறிஸ்மஸுக்கு அரிசியும் சேலையும் கொண்டுபோனோம். கடைசி வரிசை வீட்டில் மலர் என்ற பெண். எந்த ஊர் என்று கேட்டேன். சொன்னாள். அதே ஊர். உள்ளே கட்டிலில் அவளுடைய அப்பா. இரண்டு கண்ணிலும் புரை. செல்லத்துரை.

அந்த வீட்டுக்கு யாரும் வருவதில்லை. ஏன் என்று முகாமில் இன்னொருத்தி சொன்னாள். மணியடித்து ஊரைக் கொன்றவர் அவர். இல்லை, நான் அடிக்கவில்லை, தமிழ் பேசிய ஒரு பட்டாளத்தான் அடித்தான் என்று கிழவர் சத்தியம் செய்தாராம். யார் நம்புவார்கள்? பதுங்குகுழிக்குள் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். அது அவருடைய கை. தண்ணீர்க் குழாயடியில் அவர் நின்றால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்களாம். இத்தனைக்கும் அந்த வளாகத்தில் செத்தவர்களில் அவருடைய மனைவியும் உண்டு. மலரின் மகனும் உண்டு. ஏழு வயது.

அன்றே சொல்லியிருக்க வேண்டும். ஒரு வாக்கியம் போதும். நான் ஜெபித்துவிட்டு வந்தேன். மாதாமாதம் போனேன். மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். நான் போகும்போது அவர் எழுந்து உட்காருவார். நான் அதிகம் பேசமாட்டேன், குரல் பிடிபட்டுவிடும் என்ற பயம். ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, உங்கட ஊரில மணி எப்பிடி அடிப்பினம்?"

 அவர் கையை எடுக்கவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது, அவருக்கும் தெரியும் என்று. என் வாயிலிருந்து வரட்டும் என்று காத்திருந்தார். எனக்குக் கடைசி பஸ் இருக்கிறது என்றேன்.

அடுத்த மாசியில் இறந்தார். அடக்க ஆராதனை நடத்தியது நான். ஆற்றங்கரைக் கல்லறைத் தோட்டம். என் சபையிலிருந்து நாலைந்து பேர். முகாமிலிருந்து மலர் மட்டும். மண்ணுக்கு மண் என்று சொல்லும்போது என் குரல் உடையவே இல்லை. பழகிய குரல்.

அதன்பிறகுதான் சொன்னேன். ஓய்வுபெற ஒரு வாரம் இருந்தது. முகாம் சனங்களையும் கோயிலுக்கு அழைத்திருந்தேன். எல்லாரும் முழங்காலிட்டுப் பாவ அறிக்கை சொல்லும் நேரம். நான் எழுந்து திரும்பி நின்று, அடித்தது நான், அவர் இல்லை என்றேன். முழுவதையும் சொன்னேன்.  முகாமிலிருந்து வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார்கள். மலர் கடைசியாகப் போனாள். அண்ணாச்சி தலையைக் குனிந்தபடியே இருந்தார்.

கல்லறைக்கு ஒரு கல் செய்தேன். அவர் பெயர். கீழே, "இவர் மணியடிக்கவில்லை." வேனில் ஏற்றிக்கொண்டு மலரிடம் போனேன். வாசலிலேயே நிறுத்தினாள். எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

"அப்பா இருக்கேக்க சொல்லியிருக்கலாமே, ஐயா. கல்லில எழுதினா அவர் வாசிப்பாரோ?"

வேண்டாம் என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தாள். குடித்தேன்.

முகாமில் அவளோடு இப்போது பேசுகிறார்களாம். அதை நான் செய்த நன்மை என்று சொல்ல முடியாது. அவளுக்கும் காலம் கடந்துவிட்டது. அவள் பதில் சொல்வதில்லை என்று கேள்விப்பட்டேன். அந்தக் கோயிலில் புதிய ஐயர் மணியை மறுபடி அடிக்க வைத்திருக்கிறார். நான் தச்சநல்லூரில் மகன் வீட்டில் இருக்கிறேன். கல் பின்சுவரில் சாய்ந்து நிற்கிறது. எழுத்து சுவர்ப்பக்கம்.

அந்த வளாகத்தில் செத்தவர்கள் பதினொரு பேர். கிழவிகள் மூவர். பெண்கள் நால்வர், செல்லத்துரையின் மனைவியையும் சேர்த்து. பிள்ளைகள் நால்வர், மலரின் மகனையும் சேர்த்து. இத்தனை வருடமும் ஜெபத்தில் பதினொன்று என்றுதான் எண்ணிவந்தேன்.

பன்னிரண்டு. செல்லத்துரை, கோயில்குட்டி. அவரைக் கொல்ல எனக்குக் குண்டு தேவைப்படவில்லை.